48 மணி நேரத்துக்கு ஒரு வாசல்

"ஏம்மா, காய்ச்சல்னு எங்கிட்ட வர்றவனுக்குக் கிருமி ஏற்கெனவே உள்ளே போயாச்சு. இனிமே நீ வாசல்ல காவல் வச்சு யாரைத் தடுக்கப் போறே?"

வட சென்னையில் பல வருஷம் கிளினிக் நடத்திய என் சித்தப்பா கேட்ட கேள்வி இது. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைவதையே தடுக்கும் மருந்துகளைப் பற்றி நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. முறைக்காய்ச்சல்காரர்களை வரிசையாகப் பார்த்துப் பழகியவர் அவர். குளோரோகுயின் கொடுத்து, கூடவே 14 நாளுக்குப் பிரைமாகுயினும் எழுதிக்கொடுத்து, நாலு நாளில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதே ஆள் அதே நடுக்கத்தோடு வந்து நிற்பதைப் பார்த்தவர். அவர் கணக்கில் மருந்து என்றால் உள்ளே இருப்பதைக் கொல்ல வேண்டும். மற்றதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களின் ஆசை.

கிருமி ஒரு தடவை உள்ளே போய்விட்டு அங்கேயே குடியிருப்பதில்லை என்று அவருக்குச் சொன்னேன். மலேரியாக் கிருமி வகைகளான ஃபால்சிபாரமும் வைவாக்ஸும் ஏறக்குறைய 48 மணி நேரத்துக்கு ஒருமுறை தாம் இருக்கும் அணுவைத் தின்று தீர்த்து, பலவாகப் பிரிந்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. ஃபால்சிபாரம் என்றால் ஓர் அணுவிலிருந்து 16 முதல் 32 குஞ்சுக் கிருமிகள் வரை. மெரோசோயிட் என்று பெயர். வெளியே வந்த ஒவ்வொன்றும் சில நிமிடங்களுக்குள் புது அணு ஒன்றுக்குள் புகுந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதன் கதை முடிந்தது. ஆக, காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருக்கும் நோயாளிக்குள்ளும் இரண்டு நாளுக்கு ஒருமுறை வாசல் திறக்கிறது. அங்கே மறித்தால் போதுமே?

சித்தப்பா தலையாட்டினார். "சரி, அந்த 48 மணி நேரம் அவன் தாங்கலேன்னா?"

இந்த இரண்டாவது கேள்விதான் என்னை விடவில்லை. ஃபால்சிபாரம் மூளைக்கு ஏறினால் ஒரு நாளில் கூட ஆளைக் கொண்டுபோய்விடும். அந்த நேரத்தில் அடுத்த வாசலுக்காகக் காத்திருக்கும் மருந்தால் என்ன பயன்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் மட்டும் 26 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா வந்தது. 5.97 லட்சம் பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். இந்த எண்ணிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு அழகான ஆராய்ச்சி என்பதற்காக மட்டும் ஒன்றைத் தூக்கிப் பிடிக்க முடியாது.

அரை நிமிட வேலை

நுழைவு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்து வைக்கக்கூடிய இடங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. வெளியே இருப்பதைத் தானாக விழுங்கும் திறனும் கிடையாது. அதனால் எல்லா வேலையையும் கிருமியே செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டும் மெரோசோயிட், 7, 8 மைக்ரான் அகலமுள்ள அணுவின் மேல் முதலில் எப்படியோ வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய கணத்தில் சிவப்பணு நெளிந்து குழைகிறது. அதற்குள் கிருமி தன் கூர்முனை அணுவைப் பார்க்கும்படி திரும்பிக்கொள்கிறது. அந்த முனையில் இரண்டு மூன்று வகைச் சுரப்புப் பைகள் இருக்கின்றன. அவை தம் புரதங்களை வரிசை தவறாமல் வெளியே தள்ளுகின்றன. அதில் ஒரு புரதம் அணுவின் சவ்வுக்குள்ளேயே போய்ப் பதிந்துகொள்கிறது, கிருமி தன் மேல் இருக்கும் இன்னொரு புரதத்தால் அதைப் பிடித்துக்கொள்கிறது. அதாவது பிடிமானத்தையும் கிருமியே கொண்டுவந்து வைத்துவிடுகிறது. பிறகு ஆக்டின், மயோசின் என்று நம் தசைகளில் இருக்கும் அதே குடும்பத்துப் புரதங்களின் விசையால் உந்திக்கொண்டு உள்ளே போகிறது. பின்னால் சவ்வு மூடிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்துக்கு அந்தச் சிவப்பணு சுருங்கி முள்முள்ளாக நிற்கிறது, அப்புறம் பழைய வடிவத்துக்கு வருகிறது. தொட்டதிலிருந்து உள்ளே போவது வரை அரை நிமிடம் ஆனால் அதிகம்.

1975இல் குரங்கு மலேரியாவான நோலெசியை வைத்து முதன்முதலாக இதைப் படம்பிடித்தார்கள். இப்போதைய நுண்ணோக்கிப் படங்களைப் பார்க்கும்போதும் எனக்கு ஒவ்வொரு தடவையும் மூச்சு நின்றுதான் வருகிறது. ரத்தத்தில் திரியும் இந்தக் கிருமி நம் எதிர்ப்பணுக்களின் கண்ணில் வெட்டவெளியாகப் படுவது இந்த இடைவெளியில்தான். அணுவுக்குள் போய்விட்டால் அடுத்த இரண்டு நாளுக்கு அது நம் சொந்த அணுவின் போர்வையில் இருக்கிறது.

ஒரு ஸ்லைடு

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஆய்வகத்தில் ஃபால்சிபாரம் வளர்க்கும் வேலை என் பங்கில் இருந்தது. 1976இல் டிரேகரும் ஜென்சனும் காட்டிய வழியில், கண்ணாடி ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி, நடுவில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, மூடியை நகர்த்தி மூட வேண்டும். சுடர் தானாக அணைந்ததும் கிருமிக்குத் தோதான அளவுக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கும், மூடியில் இருக்கும் காற்றுக் குழாயைத் திருகி அடைத்துவிடலாம். ரத்த வங்கியிலிருந்து வந்த ஓ பிரிவு ரத்தத்தைக் கழுவி, வெள்ளையணுக்களை நீக்கிவிட்டுச் சேர்ப்போம். அந்த அறையில் எப்போதும் மெழுகு வாசனை இருக்கும்.

நுழைவைத் தடுக்கும் பொருள்களைச் சோதிக்கும்போது ஒப்பீட்டுக்காக ஹெப்பாரின் வைப்பது வழக்கம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பத்திரியில் போடுகிறார்களே, அதே ஹெப்பாரின்தான். மெரோசோயிட்டின் மேற்புறப் புரதங்களில் போய் ஒட்டிக்கொண்டு, அது சிவப்பணுவைப் பிடிக்க விடாமல் செய்துவிடும். முதிர்ந்த கிருமிகளோடு சேர்த்து இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் ஸ்மியர் எடுத்து, ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் லென்ஸில் பார்ப்போம். மருந்து இல்லாத ஸ்லைடில் அணுக்களுக்குள் நீலநிறத்தில் மெல்லிய வளையங்கள், ஓரத்தில் சிவப்புப் புள்ளியோடு. புதிதாக நுழைந்த கிருமிகள் அவை. ஹெப்பாரின் ஸ்லைடில் சிவப்பணுக்கள் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தன. பழைய அணுக்கள் உடைந்ததற்கு அடையாளமாகக் கரும்பழுப்பு நிறமிக் கட்டிகள் ஆங்காங்கே கிடந்தன. அவற்றைச் சுற்றியும் அணுக்களின் வெளிவிளிம்பிலும் ஊதாப் புள்ளிகளாக மெரோசோயிட்டுகள். பிறந்து, வெளியே வந்து, போக இடமில்லாமல் செத்தவை.

அந்த ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தப்பாவின் கேள்வியில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது பிடிபட்டது. உடைய வேண்டிய அணுக்கள் உடைந்துவிட்டன. நோயாளியாக இருந்தால் அந்த நேரத்தில் அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டுக் காய்ச்சல் அடித்திருக்கும், ஏனென்றால் மலேரியாவில் காய்ச்சல் வருவதே அணு உடையும்போதுதான். அதாவது இந்த மருந்து நோயாளிக்கு இன்னொரு காய்ச்சலை மிச்சப்படுத்தாது. அதற்கு அடுத்த காய்ச்சலைத்தான் இல்லாமல் செய்யும். தனியாக நிற்கும் மருந்தாக இதைப் பார்த்தால் சித்தப்பா சொல்வது சரி. மூளை மலேரியாவோடு வரும் குழந்தைக்கு ஊசி வழியே ஆர்ட்டிமிசினின் வகையைச் சேர்ந்த ஆர்ட்டிசுனேட்டைத்தான் ஏற்ற வேண்டும், அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் இன்றைக்கு ஃபால்சிபாரத்துக்கான எந்தப் புது மாத்திரையும் தனியாக நிற்பதற்காகச் செய்யப்படுவதில்லையே? கேட்க வேண்டியது, இது யாருக்குத் துணையாகப் போகும் என்பதுதான்.

இதற்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நோய் முற்றிய ஒருவர் உடம்பில் லட்சம் கோடி வரை கிருமிகள் இருக்கக்கூடும். ஆர்ட்டிமிசினின் வகை மருந்து ஒரு 48 மணி நேரச் சுற்றில் கிருமி எண்ணிக்கையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கிவிடும். இப்போது புழக்கத்தில் இருக்கும் மலேரியா மருந்துகளில் இவ்வளவு வேகமானது வேறில்லை. மூன்று நாள் மாத்திரை இரண்டு சுற்றுகளைத் தொடும், அதன் முடிவில் ஏறக்குறைய பத்தாயிரம் கிருமிகள் மிஞ்சும். ஆர்ட்டிமிசினின் சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடுவதால், மிச்சத்தை முடிப்பது கூடவே கொடுக்கும் இணை மருந்தின் வேலை. இப்போது நுழைவைத் தடுக்கும் மருந்துக்கு வருவோம். தடையில்லாவிட்டால் கிருமி சுற்றுக்குப் பத்து மடங்கு பெருகும் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்குத் தொண்ணூறு நுழைவுகளைத் தடுத்தாலும் எண்ணிக்கை இருந்த இடத்தில்தான் இருக்கும். 99 நுழைவுகளைத் தடுத்தால் சுற்றுக்குப் பத்தில் ஒன்றாகக் குறையும். லட்சம் கோடியிலிருந்து அப்படி இறங்கி வர 12 சுற்றுகள், 24 நாள். நோயாளி தாங்க மாட்டார். ஆனால் மிஞ்சிய அந்தப் பத்தாயிரத்திலிருந்து இறங்க 4 சுற்று, எட்டு நாள் போதும். ரத்தத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் நின்று பேசும் மாத்திரையாக இருந்தால் காரியம் முடிந்தது.

ஆர்ட்டிமிசினினுக்கு அசையாத கிருமிகளும் இங்கேதான் வந்து மாட்டுகின்றன. கம்போடியாவின் மேற்கு ஓரத்தில் 2008, 2009 வாக்கில் தெரியவந்த சிக்கல், இப்போது ருவாண்டா, உகாண்டா, தான்சானியா, எரித்ரியா வரை உறுதியாகியிருக்கிறது. இந்தக் கிருமிகள் மருந்து ரத்தத்தில் இருக்கும் சில மணி நேரத்தை இளம் வளையப் பருவத்திலேயே அடங்கிக் கிடந்து கழித்துவிடுகின்றன. மருந்து போனதும் எழுந்து வளர்கின்றன. வளரட்டும். எப்படி வளர்ந்தாலும் அணுவை உடைத்து வெளியே வந்து புது அணுவுக்குள் போயே ஆக வேண்டும். ஒரு மருந்திடமிருந்து பதுங்கத் தெரிந்த கிருமிக்கு, சுற்றின் மறுமுனையில் நிற்கும் மருந்திடமிருந்து பதுங்க அதே உத்தி உதவாது. என் பார்வையில் நுழைவுத் தடுப்பு மருந்தின் இடம் இதுதான். இணை மருந்தாக, ஆர்ட்டிமிசினின் விட்டுவைத்ததைப் பிடிக்க. இதைக் கணக்கோடு எழுதிக் காட்டியபோது சித்தப்பா மறுக்கவில்லை. "மாத்திரை எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

எந்த இடத்தில் மறிப்பது

மாத்திரை ஏன் இன்னும் வரவில்லை என்பதற்கு ஹெப்பாரினே பதில். நுழைவை அருமையாகத் தடுக்கும், ஆனால் ரத்தத்தை உறையவும் விடாது. ரத்தப்போக்கு அபாயத்தோடு மலேரியாவுக்கு அதைக் கொடுக்க முடியாது. உறைதலைத் தொடாத ஹெப்பாரின் வழிப்பொருளாகச் சுவீடனில் செவுப்பாரினைச் செய்தார்கள். தாய்லாந்தில் ஃபால்சிபாரம் நோயாளிகளுக்கு வேறு மலேரியா மருந்தோடு சேர்த்துக் கொடுத்தும் பார்த்தார்கள். அது ஊசி மருந்து. கிராமத்து மருந்துப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் மாத்திரை ஆகாது.

நுழைவதற்குக் கிருமி பிடித்துக்கொள்ளும் ஏற்பியை மறைத்துவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் முதலில் வரும், ஏனென்றால் இயற்கையே அதைச் செய்து காட்டியிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலானவர்களின் சிவப்பணுக்களில் டஃபி என்ற ரத்தப்பிரிவுப் புரதம் கிடையாது, அங்கே வைவாக்ஸும் அரிது. இந்த இரண்டையும் இணைத்துக் காட்டியவர்கள் அமெரிக்காவில் லூயிஸ் மில்லரும் கூட்டாளிகளும், 1975, 76இல். டஃபியைப் பிடிக்கும் கிருமிப் புரதத்தின் எந்தப் பகுதி பிடிக்கிறது என்று பிறகு மில்லரோடு சேர்ந்து கண்டறிந்தவர் சேத்தன் சிட்னிஸ். அவர் பின்னர் டெல்லியில் பல வருஷம் இதே வேலையைத் தொடர்ந்தார். இவ்வளவு தெளிவான வாசல் வேறு எந்த நோய்க்கும் கிடைத்திருக்குமா என்று தோன்றும். ஆனால் 2010இல் மடகாஸ்கரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. டஃபி உள்ளவர்களைவிடக் குறைவாகத்தான் என்றாலும், டஃபி இல்லாதவர்களுக்கும் வைவாக்ஸ் காய்ச்சல் அங்கே வந்துகொண்டிருந்தது. ஃபால்சிபாரத்துக்கோ வழிகள் இன்னும் அதிகம். சிவப்பணுவின் மேலிருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையை நொதியால் வெட்டி எடுத்துவிட்டு ஆய்வகத்தில் வளர்த்தால், அதை நம்பியிருந்த சில ரகங்கள் வேறொரு புரதத்தைக் கூட்டி உற்பத்தி செய்துகொண்டு வேறு வழியில் நுழைந்தன.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2011இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில் கேவின் ரைட், ஜூலியன் ரேனர் குழுக்கள், கிருமியின் ஆர்எச்5 புரதம் சிவப்பணுவின் மேலிருக்கும் பேசிஜின் என்ற புரதத்தைப் பிடிக்க வேண்டியது கட்டாயம் என்று காட்டின. சோதித்த எந்த ஃபால்சிபாரம் ரகத்தாலும் அதைத் தவிர்க்க முடியவில்லை. ஆனால் இரண்டு பெரிய புரதங்கள் அகலமாகச் சேரும் இடத்தில் சின்ன மாத்திரை மூலக்கூறைச் செருகிப் பிரிப்பது லேசில்லை. எதிர்ப்புப் புரதங்களுக்கு அது கைவரும். அதனால்தான் ஆர்எச்5 தடுப்பூசியாகப் போயிருக்கிறது. ஆக்ஸ்ஃபர்டு செய்த அந்தத் தடுப்பூசி புர்கினா ஃபாசோவில் குழந்தைகளிடம் நடந்த சோதனையில், டோஸ்களுக்கு இடைவெளி கூட்டிக் கொடுத்தபோது 55% பலன் தந்தது.

கென்யாவின் கிலிஃபி பகுதியில் அதிகம் காணப்படும் டான்டு ரத்தப்பிரிவையும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. கடும் மலேரியா வரும் ஆபத்தை அது ஏறக்குறைய 40% குறைக்கிறது. ஏற்பி மாறியதால்தான் என்று முதலில் எதிர்பார்க்கத் தோன்றும். 2020இல் வந்த படப்பதிவுகள் வேறு ஒன்றைக் காட்டின. டான்டு அணுக்களின் சவ்வு சராசரியாக அதிக இறுக்கம். இறுக்கம் ஓர் அளவைத் தாண்டினால் மெரோசோயிட் ஒட்டும், திரும்பும், ஆனால் குழைத்து உள்ளே போக முடியாமல் நின்றுவிடும். உலகம் முழுக்க எல்லோருடைய சிவப்பணுவையும் மாத்திரையால் விறைக்க வைப்பது நடக்காத காரியம் என்பது தெரியும். இறுகிய அணு மெல்லிய நாளங்களில் நெளிந்து போகவும் வேண்டுமே. ஆனால் வாசலில் பிடிமானங்களை எண்ணிக்கொண்டிருக்கும் பார்வையிலிருந்து என்னை நகர்த்தியது இந்த ஆய்வுதான்.

எதைப் பிடித்து நுழைகிறது என்பது ரகத்துக்கு ரகம் மாறலாம். நுழைவதற்குக் கிருமி தன்னைத் தயார் செய்துகொள்ளும் விதம் மாறுவதில்லை. சுரப்புப் பைகளில் இருக்கும் புரதங்கள் பல, வெட்டிச் சீராக்கினால்தான் வேலை செய்யும். வெட்டும் நொதிகள் பிளாஸ்மெப்சின் 9, பிளாஸ்மெப்சின் 10. பத்து இல்லாவிட்டால் பழைய அணுவை உடைத்து வெளியே வரவும் முடியாது, புதிதில் நுழையவும் முடியாது. ஒன்பது இல்லாவிட்டால் வெளியே வரும், நுழையாது. 2017இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின. ஆஸ்பார்ட்டிக் புரோட்டியேஸ் என்ற இந்த நொதி வகை மருந்துத் துறைக்குப் பழக்கமானது, எச்ஐவி மாத்திரைகளில் ஒரு பிரிவே இந்த வகை நொதியைக் குறிவைத்ததுதான். மெல்பர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தில் ஆலன் கவ்மன் குழு மெர்க் மருந்து நிறுவனத்தோடு சேர்ந்து 2020இல் வெளியிட்ட டபிள்யூஎம்382 என்ற மருந்துப் பொருள் இரண்டு நொதிகளையும் ஒருசேர நிறுத்துகிறது. மனித ரத்தம் ஏற்றிய எலிகளில் ஃபால்சிபாரத்தை ஒழித்தது. கல்லீரலிலிருந்து கிருமி வெளிவருவதையும் கொசுவுக்குப் பரவுவதையும் தடுத்தது. ஆய்வகத்தில் எவ்வளவு நெருக்கியும் அதற்கு அசையாத கிருமி எளிதில் உருவாகவில்லை. இரண்டு நொதிகளிலும் ஒரே சமயத்தில் தப்ப வேண்டியிருப்பது காரணமாக இருக்கலாம். அதே வரிசையில் வந்த எம்கே-7602 மனிதர்களிடம் முதல்கட்டச் சோதனைக்குப் போயிருக்கிறது. "மாத்திரை எங்கே?" என்பதற்கு இன்றைக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் அதுதான்.

வைவாக்ஸின் பங்கு

சித்தப்பாவின் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இருந்தது வைவாக்ஸ். சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளரும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சை கொசு பரப்புவது. அவர்களைப் பொறுத்தவரை நுழைவுத் தடுப்பு பாதி மருந்துதான். கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கும் வைவாக்ஸை அது தொடாது. அதற்குப் பிரைமாகுயினோ, ஒரே டோஸில் முடியும் டஃபெனோகுயினோ வேண்டும். இரண்டுக்கும் ஜி6பிடி என்ற, சிவப்பணுவைக் காக்கும் நொதியில் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், இருந்தால் இந்த மருந்துகள் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். ஆனால் உறங்கி எழுந்தது ரத்தத்துக்கு வந்துவிட்டால் அதே இரண்டு நாள் சுற்றுதான், அதே நுழைவுதான்.

எனக்கு ஆதங்கம் வேறு இடத்தில். வைவாக்ஸ் முதிராத இளம் சிவப்பணுக்களுக்குள் மட்டுமே நுழையும். அதனால் ஃபால்சிபாரம்போல் அதை ஜாடியில் வைத்துத் தொடர்ந்து வளர்க்கும் வழி இன்னும் கைவரவில்லை. நான் மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை ஃபால்சிபாரத்தை வைத்து நடந்தவை. லண்டனில் ராபர்ட் மூன் குழு மனித ரத்தத்தில் வளரும்படி நோலெசியைப் பழக்கி, வைவாக்ஸின் டஃபி பிடிக்கும் புரதத்தை அதற்குள் வைத்துப் பார்க்கும் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. பெரிய உதவி, ஆனாலும் அது மாற்று ஏற்பாடுதான். அசல் வைவாக்ஸ் வேண்டுமென்றால் காய்ச்சலோடு வந்தவரிடமிருந்து அன்றைக்கே ரத்தம் எடுத்து, முதிரும்வரை காத்திருந்து, தொப்புள்கொடி ரத்தத்திலிருந்தோ வேறு வழியிலோ திரட்டிய இளம் அணுக்களைச் சேர்த்து, மருந்தை வைத்து, அந்த ஒரு சுற்றுக்குள் எண்ணி முடிக்க வேண்டும். குளிர்பெட்டியில் போட்டு மெல்பர்னுக்கு அனுப்பிச் செய்கிற வேலையல்ல இது. தாய்லாந்தின் மே சோட்டில் செய்ய முடிகிறது, கோவா மருத்துவக் கல்லூரியில் நோயாளி வார்டுக்குப் பக்கத்திலேயே மலேரியா ஆய்வகம் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். சென்னையில் நோயாளியும் உண்டு, ஸ்லைடு பார்க்கத் தெரிந்தவர்களும் உண்டு, பிரசவ ஆஸ்பத்திரிகளும் உண்டு. பிளாஸ்மெப்சின் மருந்துகள் அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் நம் ஊர் வைவாக்ஸின் மேல் அவற்றை வைத்துப் பார்க்க, ஓர் அறையும் ஓர் இன்குபேட்டரும் காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுக்க ஓர் ஆளும் வேண்டும்.